நாலாம் மேசை

படம் ஒன்று வந்திருந்தது.
வெள்ளைக் கோப்பை. அதன் விளிம்பில்
நகம் வெட்டி விழுந்த துண்டளவில்
ஒரு நண்டோடு.
பக்கத்தில் அளவு காட்ட ஒரு நாணயம்,
அதில் ஆரோ ஒரு ஆம்பிளையின் தலை.

மனேச்சர் அதைப் பெரிதாக்கி
கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டினார்.
"பல்லில் கடிபட்டிருக்கு" என்றார்.
எங்கேயோ பனி கொட்டும் ஊரில்
ஒரு மனுசி, சனிக்கிழமை இரவு,
கடித்து, நிறுத்தி, துப்பி,
படமெடுத்து அனுப்பியிருக்கிறாள்.

டின்னின் அடியில் எழுத்தும் இலக்கமுமாய்ப் பதினொன்று.
அதைப் பிடித்துக்கொண்டு
கப்பல், குளிர்ப்பெட்டி, கொழும்புக் களஞ்சியம்,
பூநகரி வாசல் என்று பின்னுக்கு நடந்து
ஒன்பதே நாளில் வந்து சேர்ந்துவிட்டார்கள்:
மாசி பன்னிரண்டு, பின்நேர முறை, நாலாம் மேசை.
நண்டு நாச்சிக்குடாவில்
அருளப்புவின் வள்ளத்தில் ஏறியது என்பதுவரை
தெரிந்திருக்கிறது அவர்களுக்கு.

நாலாம் மேசையில் ஆறு பேர்.
கொன்சலா, புஸ்பலோஜினி,
இரட்டைப்பிள்ளைக்காரி துசிதரா,
இரண்டு புதுப் பெட்டைகள், நான்.
ஆறு பேருக்கும் அந்த மாதம் இன்சென்ரிவ் இல்லை.
"அவவுக்குப் பல்லுப் போகேல்லையே,
எங்களுக்கெல்லோ போச்சு" என்றாள் கொன்சலா.
முகமூடிக்குள் சிரித்தால்
ஆரென்று பிடிக்கேலாது. சிரித்தோம்.

நீந்துகிற காலின் அடியில்
உடையாமல் வருகிற உருண்டைக்குத்தான் விலை.
உடைந்தால் விலையும் உடையும்.
மோதிரம் கழற்று, பூ வைக்காதே, நகம் காட்டு.
எவ்வளவு தேசிக்காய் தேய்த்தாலும்
நான் குழைத்த சோற்றைச்
சின்னவன் வாங்கமாட்டான்.
பெரிய நண்டு இப்போது சந்தைக்கு வருவதில்லை.
கரையிலேயே ஐஸ் போட்டு மூடிவிடுவார்கள்.
காலொடிந்ததும் கோதானதும் எங்களுக்கு.
அதைக்கூட நான் பொறுப்பேன்.

ஒன்பது நாள்.
அதைத்தான் விழுங்க முடியவில்லை.

என் தம்பி கௌரிதாசன்.
வைகாசி பதினெட்டு, வட்டுவாகல் பாலத்துக்கு அங்கால்,
நான்தான் கையில் பிடித்துக் கொண்டுபோனேன்.
ஒரு நாள் இருந்தவர்களும் பதியுங்கள் என்றார்கள்.
நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியில்
நீலப் பேனையால் எழுதினார்கள், கண்ணால் கண்டேன்:
பெயர், வயது, ஊர்.
பஸ் சிவப்பு. பின்கண்ணாடி வெடித்திருந்தது.
இவ்வளவையும் எழுத்தில் கொடுத்தேன்,
வந்த ஆணைக்குழு எல்லாவற்றுக்கும்.
ஒவ்வொன்றும் எனக்கு ஓர் இலக்கம் தந்தது.
பொலித்தீன் உறைக்குள் இருக்கின்றன இலக்கங்கள்.
அவற்றைப் பிடித்துக்கொண்டு
பின்னுக்கு நடப்பார் ஒருவருமில்லை.

படமெடுத்தவளே,
உன்னில் எனக்குக் கோபமில்லை.
காசு கொடுத்தாய், கேட்டாய்.
எப்படிக் கேட்டாய் என்று மட்டும்
ஒருக்கால் எழுதிவிடு.
எந்த விலாசம், என்ன சொல்,
பக்கத்தில் எந்த நாணயத்தை வைத்தால்
அவன் எவ்வளவு பெரியவன் என்று
அவர்களுக்கு விளங்கும்.

போன கிழமை புது விளக்கு வந்தது.
மற்றதெல்லாம் அணைத்து
அந்த நீலத்தைப் பிடித்தால்
இறைச்சிக்குள் ஒளித்திருக்கும் ஓடெல்லாம்
துலங்கி எழும்பி நிற்கும்.
எலும்பும் அப்படித்தான் மின்னும் என்றான்
மோட்டர் பார்க்க வந்த பொடியன்,
ஏதோ பேச்சுக்கு.

அன்றிரவு எல்லாரும் கை கழுவப் போனபிறகு
வயரை அளந்து பார்த்தேன்.
ஆறு முழம்.
மேசையின் மற்றத் தொங்கல்வரை காணும்.
வாசலுக்குக் காணாது.